எட்டுக் காலேஜுக்கும் ஒரே பங்கு

வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலைக்காட்டுக்கு நடுவில் ஒரு சின்னக் காலேஜ். அங்கே பெண்பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கிறவர் பாஸ்கல் சார். நாற்பத்தாறு வயசு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே பிறந்து வளர்ந்த மனுஷன். கோபம் வந்தால் வாயிலிருக்கிற விசிலைக் கடிப்பாரே தவிர, பிள்ளைகளை ஒரு சொல் சொல்லமாட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒன்பது வருஷமாக ஒரே தலையெழுத்து. கொழுந்து எடுக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்கி, குதிக்கப் பழக்கி, ஆளாக்கிவிடுவார். மறுவருஷமே அடிவாரத்துப் பெரிய காலேஜ் வந்து ஹாஸ்டல், தினம் ரெண்டு முட்டை, நல்ல ஷூ என்று ஆசை காட்டிக் கூட்டிக்கொண்டு போய்விடும். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதைதான். அப்புறம் அதே பிள்ளைகள் வலைக்கு அந்தப் பக்கம் நின்று இவர் டீமை மூன்றே செட்டில் மடக்குவார்கள். ஆட்டம் முடிந்ததும் ஓடிவந்து, "சார், நல்லாருக்கீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். இவரும் சிரிப்பார். பாவம், வேறென்ன செய்வார்?

எல்லாம் டிவி செய்த வேலை. காலேஜ் லீக்கைக் கேபிள் சேனலில் காட்டுவார்கள். யார் ஆட்டத்தைக் காட்டுகிறார்களோ அவர்களுக்குத்தான் பணம். பெரிய காலேஜ் ஜெயிக்கும், அதனால் அதையே காட்டுவார்கள். பணம் வரும், அதனால் மறுபடியும் ஜெயிக்கும். கடைசியில் பார்க்கிற சனத்துக்கே சலித்துப்போச்சு. ரெண்டாவது செட்டிலேயே ரிமோட்டைத் தூக்கிச் சீரியலுக்குத் தாவிவிட்டார்கள். விளம்பரமும் நின்றுபோச்சு. அப்போதுதான் லீக் நடத்துகிறவர்களுக்குப் புத்தி வந்தது. இந்த வருஷத்திலிருந்து சேனல் பணத்தில் எட்டுக் காலேஜுக்கும் சமபங்கு என்று முடிவு செய்தார்கள்.

இந்தத் தடவை பாஸ்கல் ஆளாக்கி வைத்திருந்தது ஜெஸ்னாவை. எம்பிக் குதித்து அவள் அடிக்கிற பந்தை எடுக்க இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. விடுவார்களா? பெரிய காலேஜிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அம்மா கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. இவளும் போய்விட்டால் டீமே கலைந்துவிடும் என்று பாஸ்கல் அடித்துப்பிடித்து லயத்துக்கு ஓடினார். அம்மா கத்தரீனாள் அப்போதுதான் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அக்கா, இனி இங்கயே முட்டை, ஷூ எல்லாம் கெடைக்கும். பங்குப் பணம் வருது. புள்ளைய அனுப்பிராதீங்க."

கத்தரீனாள் முகம் சுண்டிப்போச்சு. "பங்குப் பணமா? வேணாம் சாரே. எம்புள்ள அங்கயே போகட்டும்." கதவைச் சாத்தாததுதான் குறை.

பாஸ்கல் நொந்துபோய்த் திரும்பினார். மறுநாள் மைதானத்தில் ஜெஸ்னாதான் விஷயத்தைச் சொன்னாள். "அம்மா சர்ச்சுப் பங்குல குடுக்குற தர்மப் பணம்னு நெனச்சிருச்சு சார். அப்பா செத்தப்ப பங்குச்சாமி அரிசி குடுத்தாரு. 'பங்குச் சோறு தின்னவ'ன்னு லயத்துல ஒருத்தி சொல்லிட்டா. அன்னையிலருந்து அம்மா யார்கிட்டயும் கை நீட்டாது."

பாஸ்கல் தலையில் அடித்துக்கொண்டார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவருக்கு, அந்த வீட்டில் பங்கு என்றால் கோயில்தான் என்பது உறைக்கவில்லையே! அந்தப் பொம்பளை மனசை இப்படிக் கிளறிவிட்டோமே என்று அவருக்குத் தாளவில்லை. சாயங்காலமே மறுபடி ஓடினார்.

"அக்கா, இது தர்மம் இல்ல. புள்ளைங்க ஆடுறத டிவில காட்டுறாங்கல்ல, அதுக்கு வர்ற கூலி."

"கூலின்னா சரி." கத்தரீனாள் கொஞ்சம் யோசித்தாள். "தோத்தவங்களுக்கும் அதே கூலியா? அது எந்தூரு நியாயம் சாரே?" கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவள் கேட்காமல் இருப்பாளா?

"எதுத்தாப்ல சரிக்குச் சரியா ஆள் நின்னாத்தானக்கா ஆட்டம்? ஜெஸ்னா ஒத்தையா பந்தடிச்சா எவன் டிவி போடுவான்?"

கத்தரீனாள் சிரித்துவிட்டாள். கடிதத்தை எடுத்து அடுப்பில் செருகினாள்.

பிப்ரவரியில் இறுதி ஆட்டம், அதே பெரிய காலேஜோடு. முதல் செட் போச்சு. ரெண்டாவதை ஜெஸ்னா அடித்து வாங்கினாள். நாலு செட் முடிந்தபோது ஆளுக்கு ரெண்டு. அஞ்சாவதில், பதினஞ்சுக்குப் பதிமூணு என்று, ரெண்டே பாயிண்ட்டில் தோற்றார்கள்.

பாஸ்கல் பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். லீவு போட்டுவிட்டு வந்திருந்த கத்தரீனாளுக்கு மனசு கேட்கவில்லை, பக்கத்தில் போய் நின்றாள். "அட, அழாதீங்க சாரே. தோக்குறது என்ன ஒங்களுக்குப் புதுசா?"

"தோத்ததுக்கு அழலக்கா." பாஸ்கல் கர்ச்சீப்பில் மூக்கைச் சிந்தினார். "ஒம்பது வருசமா இந்தப் பாழாப்போன பெஞ்சுல உக்காந்திருக்கேன். எம்புள்ளைங்க அஞ்சாவது செட்டு ஆடி இன்னைக்குத்தான் பாத்தேன்."