நாற்பத்தொரு வீட்டுக் காகிதமும் மும்தாஜ் அக்காவும்

பரீட்சைத் தாளைத் தவிர நான் தமிழில் எதையும் எழுதியதில்லை. மும்தாஜ் அக்காவை என்னைவிட அதிக காலம் அறிந்த பலர் இந்தத் தமிழ்ச் சங்க மலரை வாசிக்கிறீர்கள். முந்திக்கொண்டு எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாதரில் அலுவலகப் படி ஏறும்போது அவருடைய தங்கை அழைத்தாள். "அக்கா மௌத்தாயிட்டா, பிள்ள." நான்கு நாள் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டார். வயது முப்பத்தெட்டு.

தாராவியில் எங்கள் சந்து முனையில்தான் அக்காவின் ஜெராக்ஸ் கடை. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு வீடுகளைக் கணக்கெடுக்க வருகிறார்கள் என்றதும், நாற்பத்தொரு வீட்டாரும் பழைய லைட் பில், ரேஷன் கார்டு எல்லாம் அவரிடம் கொடுத்துப் படமெடுத்து வைக்கச் சொன்னார்கள். காகிதம் இல்லாதவருக்கு மாற்று வீடு கிடைக்காது. அக்கா எல்லாவற்றையும் தன் போன் வழியாக ஓர் இணையக் கணக்கில் வைத்தார். ஒரு நாள் ரயிலில் போன் பறிபோனது. புதுப் போனில் கணக்கைத் திறக்கப் போனால் ரகசிய எண் வேறொருவருக்குப் போகிறது. போன் விற்றவர் தன் நம்பரைக் கொடுத்தே அந்தக் கணக்கைத் தொடங்கியிருந்தார். அவரோ கடையைக் காலி செய்துவிட்டு எங்கோ போய்விட்டார். நம்மில் பலருடைய கணக்கு இப்படித்தான் இருக்கிறது.

"அடுத்தவன் நம்பர்ல இருக்கது நம்ம காயிதமா, பிள்ள? இனி நம்ம கடையிலயே வைப்போம்" என்றார் அக்கா.

"எனக்குத் தெரியாதுக்கா."

"காலேஜ் படிச்சவல்லா நீ."

"நான் பி.காம்."

"எனக்கு அதுவும் இல்ல. ரெண்டு பேருக்கும் தெரியாதுல்லா, சண்டை வராது."

பழைய சாமான் கிடங்கிலிருந்து அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. இந்தி வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மூன்றாம் முயற்சியில் ஓர் இலவச மென்பொருளை ஏற்றினோம். வீடு வீடாக ஏறி மறுபடி ஸ்கேன் செய்தோம். கடை வைஃபையில் சேர்ந்தால் அவரவர் காகிதத்தை அவரவர் போனில் பார்க்கலாம். வீட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு.

ஆனால் தினமும் மதியம் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி செத்துப்போனது. வயரை மாற்றினேன், மென்பொருளை மறுபடி ஏற்றினேன். மூன்று வாரம் கழித்து, லீவு நாளில் கடையில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடக் கிளம்பிய அக்கா, வழக்கம்போல் மெயின் சுவிட்சை இறக்கினார். சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் சந்தில், தீக்குப் பயந்து யாரும் மெயினை அணைக்காமல் கதவைப் பூட்டுவதில்லை. கூடவே பெட்டியும் அணைந்தது. நான் அதைக் காட்டினேன். அக்கா சுவிட்சை மறுபடி ஏற்றினார்.

"அப்ப இத்தன நாளும் நாந்தான் கொலகாரியா?"

மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பெட்டிக்கென்று பாதுகாப்பான தனி லைன் போட வைத்தார்.

எந்த வீட்டில் என்ன காகிதம் இருக்கிறது என்று பட்டியல் கேட்டு ஒரு வீட்டு ஏஜென்ட் வந்தார். "டீ குடிங்கண்ணே. அதுக்கு நாப்பத்தொரு சாவி. எங்கிட்ட எனக்குள்ளது மட்டுந்தான் இருக்கு" என்றார் அக்கா. அது முழு உண்மையில்லை; எல்லாவற்றையும் திறக்கும் பாஸ்வேர்டு ஒன்று எங்கள் இருவரிடமும் இருந்தது. ஆனால் ஏஜென்ட் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கணக்கெடுப்பவர்கள் வந்தபோது எங்கள் சந்து இசக்கியம்மாள் மதினியிடம் பழைய பில்லைக் கேட்டார்கள். அசல் மழையில் கூழாகியிருந்தது. மதினி போனில் திறந்து காட்ட, எழுதிக்கொண்டார்கள். அக்கா ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இன்னும் சில வீடுகளின் விசாரணை முடியவில்லை. பெட்டியும் அதன் நகல் உள்ள சிறிய பெட்டியும் ஒரே கடையில் இருப்பதைப் போன மாதம் அக்காவிடம் சொன்னேன். தீயோ வெள்ளமோ வந்தால் இரண்டும் போகும்.

"வேற ஏரியாவுல ஒரு வீடு வேணும். சங்கக் கூட்டத்துல எந்திரிச்சுக் கேளு."

"நீங்களே கேளுங்கக்கா."

"நான் கேட்டா மும்தாஜுக்காவத் தருவாவ. நீ கேட்டாத்தான் காயிதத்துக்காவத் தருவாவ."

கூட்டம் நடந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அக்கா திட்டவும் இல்லை. அடுத்த வாரம் காய்ச்சல்.

தெரியாது என்று சொல்லிவிட்டு, அன்றே வேலையைத் தொடங்கும் பழக்கம்தான் அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது. அந்தத் துணிவில் கேட்கிறேன். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இருக்கும் உங்களில் ஒருவர், டிபன் டப்பா அளவுள்ள அந்த நகல் பெட்டிக்கு உங்கள் வீட்டில் இடமும் ஒரு பிளக் பாயிண்டும் தாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவருகிறேன்.