அத்தான் பாடகர், பண்டகசாலை முகாமையாளர் அல்லர்

அன்பான உறவினர்களே, நண்பர்களே,

முதலில் ஒரு திருத்தம். சென்ற வருடம் அத்தானுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று உங்கள் கைகளில் தந்த நினைவு மலரை இன்னும் வைத்திருந்தால், தயவுசெய்து எறிந்துவிடுங்கள். அவர் யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில் பிறந்தார் என்று அதில் இருக்கிறது. பொய். பண்டகசாலை முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றார் என்று இருக்கிறது. அதுவும் பொய். கோயில் கேணியில் நீராடினார், தேர் வடம் பிடித்தார் என்று விருத்தப்பாவில் வேறு அளந்து வைத்திருக்கிறார்கள். அத்தான் எங்கள் ஊரைக் கண்ணாலும் கண்டதில்லை.

என் அக்காவின் கணவரான அத்தான், அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து மலையூர் ஒன்றில் பிறந்தவர். ஊர் முழுக்க நிலக்கரிச் சுரங்கத்தை நம்பியிருந்தது. தகப்பனார் சுரங்கத்தில் வேலை செய்து, நெஞ்சு நிறையக் கரித்தூசியோடு இளவயதிலேயே போய்ச் சேர்ந்தார். கம்பனி ஆட்கள் ஒரு மலர்வளையத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அத்தான் பதினாறு வயதில் எழுதிய முதல் பாட்டு அந்த மலர்வளையத்தைப் பற்றியது. அன்று தொடங்கிச் சாகும்வரை பாட்டெழுதிப் பாடினார். அதுதான் அவருடைய தொழில். இந்த ஒரு வரியை அச்சில் போட எங்கள் குடும்பத்துக்கு ஒரு வருடம் பிடித்திருக்கிறது, வெட்கக்கேடு.

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஊர் ஊராகப் போனார். வேலைநிறுத்தம் செய்தவர்களின் வாசலில் பாடினார், தேவாலய மண்டபங்களில் பாடினார், குடித்துவிட்டுக் கூச்சல் போடுபவர்கள் நடுவிலும் பாடினார். இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன. மூன்றாவதில் சுரங்க முதலாளியைப் பற்றிய பாட்டை எடுத்துவிடச் சொன்னார்கள். முடியாது என்றார். அதோடு இசைத்தட்டும் போயிற்று, ஒப்பந்தமும் போயிற்று.

நியூசிலாந்தில் ஒரு நாட்டுப்பாடல் விழாவுக்குப் பாட வந்தவர், மழையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே தாதியாக இருந்த அக்காவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, வலி எப்போது குறையும் என்பதல்ல, எப்போது கிட்டார் வாசிக்கலாம் என்பதுதான். "விசரன் எண்டு நினைச்சன்" என்று அக்கா இன்றைக்கும் சொல்வார். அடுத்த வருடமே அந்த விசரனைக் கட்டினார். அத்தான் நியூசிலாந்திலேயே தங்கிவிட்டார்.

எங்கள் வீட்டில் அன்று நடந்த கூத்தை நான் மறக்கவில்லை. "கிட்டார் தூக்கித் திரியிறவனுக்கோ பெட்டையைக் குடுக்கிறது?" என்று அண்ணா குதித்தார். லண்டனில் இருந்து பெரியம்மா தொலைபேசியில் கேட்டார்: "வெள்ளைக்காரன்தான் வேணுமெண்டால் அதில ஒரு டொக்டர் கிடைக்கேல்லையோ?" அத்தானுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே நம் வீடுகளுக்கு வந்தார், கையால் குழைத்துச் சாப்பிட்டார், என்னை வாய் நிறைய "மச்சாள்" என்று கூப்பிட்டார்.

பாட்டால் மட்டும் வீட்டு மோர்ட்கேஜ் கட்ட முடியவில்லை. ஆகவே வாரநாட்களில் விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு குளிர்களஞ்சியத்தில் சாமான் ஏற்றி இறக்கினார். முகாமையாளர் அல்லர், முதுகு முறியச் சுமந்தவர். வார இறுதிகளில் பாடினார். கூட வேலை செய்த சமோவா, தொங்கா நாட்டவர்களையும் நம் பெண்களையும் வைத்து, கைவிரல் விறைக்க நின்று ஊருக்குச் சாப்பாடு அனுப்புகிறவர்களைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். அதைக் களஞ்சிய வாசலில் நின்று பாடியதற்காகத்தான் வேலை போனது. "ஓய்வுபெற்றார்" என்று நாங்கள் நாகரிகமாக அச்சடித்தது இதைத்தான்.

நம் சனம் அவருக்கு மேடை தந்தது ஒரே ஒரு தடவை, ஒரு பொங்கல் விழாவில். மூன்றாவது அடி பாடிக்கொண்டிருக்கும்போது மைக்கை வாங்கி, வெள்ளைக் கார் ஒன்று வாசலை மறித்து நிற்கிறது, உடனே எடுக்கவும் என்று அறிவித்தார்கள். மைக் திரும்பி அவரிடம் வரவில்லை. அத்தான் சிரித்துக்கொண்டு இறங்கினார்.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. த்ரீ கிங்ஸ் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டின் முன்னறையில் கட்டில் போட்டு அக்கா பார்த்தார். அந்த வாரங்களிலும் அத்தான் ஒரு பாட்டு எழுதினார், அக்காவுக்காக. எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார்: "கிரியை எல்லாம் உங்கள் முறைப்படி செய்யுங்கள். என் சிநேகிதர்கள் அந்த ஒரு பாட்டைப் பாட வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை." அண்ணாவும் தலையாட்டினார்.

இறுதிநாளில் அவருடைய சிநேகிதர்கள் கிட்டாரும் பான்ஜோவுமாகப் பின்வரிசையில் நின்றார்கள். "கிரியை முடியட்டும்" என்றார் அண்ணா. பிறகு "உரைகள் முடியட்டும்" என்றார். அத்தானோடு நாலு வார்த்தை கதைத்திராதவர்கள் எழும்பி உரை ஆற்றினார்கள். மண்டபத்துக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கோயம்புத்தூர்ப் பெண் என் காதருகே வந்து, "ஏங்க்கா, சார் பாட்டு ஒண்ணு கூடவா பாடல?" என்று கேட்டார். சிநேகிதர்கள் வெளியே கார் தரிப்பிடத்தில் நின்று பாடினார்கள். நாங்கள் உள்ளே சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றோம். அக்காவைச் சுற்றித் துக்கம் விசாரிக்கும் கூட்டம் நின்றது. அவருக்காக எழுதிய பாட்டை அவர் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்த மலர் வந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தார். வாசித்துவிட்டு, "இது ஆர்?" என்று கேட்டார். அவருடைய மகள், என் பெறாமகள், ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு எழும்பி வெளியே போய்விட்டாள்.

அண்ணாவிடம் நான் சண்டைக்குப் போனேன். அவர் சொன்னது: "அவரை எங்கட ஆளாய்த்தானே போட்டிருக்கு. அதைவிட என்ன மரியாதை வேணும்? மலர் கனடாவுக்குப் போகுது, லண்டனுக்குப் போகுது. பாட்டுக்காரன் எண்டு போட்டால் சனம் என்ன கதைக்கும்?"

அண்ணா, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். உயிரோடு இருந்தவரை அந்த மனிதரை வெள்ளைக்காரன் என்றீர்கள். செத்தபிறகு அவருடைய ஊரையும் தொழிலையும் பறித்துக்கொண்டு எங்கள் ஆள் என்கிறீர்கள். இது மரியாதை இல்லை. இந்தக் கட்டுரை அச்சில் வந்தால் முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் விருப்பம்.

ஆனால் அண்ணாவை மட்டும் ஏசிவிட்டு நான் தப்ப முடியாது. அந்த மலர் அச்சுக்குப் போகுமுன் ஒரு பிரதி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. பிளாட் புஷ்ஷில் என் வீட்டுக் குசினியில் நின்று அதைத் திறந்தேன். பலகார வேலையில் சரியாகப் பார்க்கவில்லை என்று எல்லோருக்கும் சொல்லி வந்தேன். பார்த்தேன். ஒவ்வொரு வரியும் வாசித்தேன். அப்போது என் மகளுக்குக் கனடாவில் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். பெரியப்பா ஒரு முகாமையாளர் என்று இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். "ஓம், வடிவாய் இருக்கு" என்று பதில் போட்டேன்.

இனி நன்றி. நோய்க்காலத்தில் வீடு தேடி வந்து பார்த்த தாதியருக்கும், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த விரிக் களஞ்சியத் தோழர்களுக்கும், எங்களைக் கேளாமலே சூப் வைத்துத் தந்த கோயம்புத்தூர்க் குடும்பத்துக்கும் நன்றி. கார் தரிப்பிடத்தில் நின்று பாடியவர்களுக்கு நன்றியோடு ஒரு அழைப்பும்: ஆட்டைத் திவசத்தன்று எல்லாவற்றுக்கும் முதலில் நீங்கள் பாட வேண்டும். அக்கா முன்வரிசையில் இருப்பார். உரைகள் கிடையா.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அக்காவிடம் கொண்டுபோனேன். வாசித்து முடித்தார். வாட்ஸ்அப் கதையை எழுதிய இடத்தை வேண்டுமென்றால் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எடாத" என்றார். "நீ வாசிச்சனீ எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். அண்ணா போனில உன்ர பதிலைக் காட்டினவர்."

ஒரு வருடம் முழுக்க அதை மனதில் வைத்துக்கொண்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்திருக்கிறார். அக்காவுக்கு நன்றி சொல்ல எனக்கு வாயில்லை. எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
மச்சாள்