நாக்பூருக்கு ஒரு சாம்பிள் ஓட்டம்

என் கணவர் பட்டாளத்தில் இருந்தவரை விடுமுறைக்கு வந்துபோனதெல்லாம் ரயிலில்தான். ஒவ்வொரு முறையும் நாக்பூரைக் கடப்பார். "பிளாட்பாரத்துல ஆரஞ்சு வாங்கியிருக்கேன், ஊரப் பாத்ததில்ல" என்பார். நுரையீரலில் வந்த புற்று இடுப்பெலும்புக்கு இறங்கிவிட்டது என்று தெரிந்த வாரம், காரிலேயே நாக்பூர் வரை போக வேண்டும் என்றார். டாக்டர் தடுக்கவில்லை. போவதானால் இந்த மாதமே போங்கள் என்றார்.

டைரியில் ஏழு பக்கம் திட்டம் எழுதினேன். வண்டி ஓட்டப்போவது நான். நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் இல்லை. கரூர் தாண்டிக் காவிரிப் பாலத்தருகே இளநீர். பெனுகொண்டாவில் கோட்டையைக் கீழே நின்று பார்ப்பது. கர்னூலில் துங்கபத்திரைக் கரையில் ஒரு சாயங்காலம். நிர்மலுக்குப் பக்கத்துக் காட்டுச் சாலையில் மெதுவாகப் போவது. தங்கும் இடம் ஒவ்வொன்றிலும் படியேற வேண்டாத அறை உண்டா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்றும் விசாரித்து எழுதினேன். கடைசிப் பக்கத்தின் அடியில் அவர் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'ஆரஞ்சு, ஊருக்குள் கடையில்.'

ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. நூலைச் சாம்பிள் எடுத்து, அறுகிற வரை இழுத்துப் பார்த்த பிறகுதான் லாட்டை அனுப்புவோம். அந்தப் பழக்கத்தில் சொன்னேன், "மொதல்ல ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போயிட்டு வந்து பாப்போம்."

"ஏட்டி, நான் என்ன நூலா, இழுத்துப் பாக்க?"

"செத்த நேரந்தானங்க."

"சரி, வாரேன். பெயிலாக்கிறாத."

காலை ஆறு நாற்பதுக்குக் கிளம்பினோம். இடுப்புக்கடியில் காற்றுத் தலையணை. வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஆஸ்பத்திரியில் கேட்பதுபோல, சாலையோரம் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

"எம்புட்டு?"

"மூணு."

ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சற்று முன், மடவார்வளாகத்தில் மறுபடி கேட்டேன். "மூணுதான். ரோட்டப் பாத்து ஓட்டு." நிறுத்திய நான்கு இடத்திலும் நேரத்தோடு மூன்று என்று குறித்துக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடை முன் நிறுத்தி, அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். ஜன்னலுக்கு மேலிருந்த பிடியைப் பற்றிய விரல்கள் விடுபடவில்லை. ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். கீழ் உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருந்தது.

"வேண்டாங்க. நாக்பூர் வேண்டாம்."

"மூணுன்னுதான எழுதியிருக்க? மூணுன்னா பாஸ்."

"பொய் சொல்லியிருக்கீங்க."

"எழுதுனது நீதான. உன் டைரிய நீயே நம்பலன்னா எப்படி?"

சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. கடைக்காரர் சூடாகக் கொடுத்த பால்கோவா அவர் மடியிலேயே ஆறியது. பின் இருக்கையில் படுக்கவைத்துத் திரும்பிக் கூட்டிவந்தேன். அறை சொல்லிவைத்திருந்த இடங்களுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டு, ஏழு பக்கங்களின் குறுக்கே கோடு போட்டேன். சரியாகச் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஒன்பது நாள் கழித்து, மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும் என்பதற்காகக் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன்.

"இப்ப எம்புட்டுங்க? நெசத்தச் சொல்லுங்க."

"எட்டு."

"என்னைக்கு இருந்து?"

"நாம கார்ல போனதுக்கு முன்னாடியே எட்டுதான். கட்டில்ல கெடந்தாலும் எட்டு."

"கார்ல?"

"ஒம்பது இருக்கும்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு நம்பர்தான் கூட. அதுக்கு எவ்வளவோ பாத்திருக்கலாம்."

காரில் எவ்வளவு வலிக்கிறது என்று மட்டுமே கேட்டிருக்கிறேன். வீட்டில் எவ்வளவு என்று ஒரு நாளும் கேட்டு எழுதவில்லை. ஆலையில் புதிதாகச் சேருகிறவர்கள்கூட இந்தத் தவறைச் செய்யமாட்டார்கள். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் எழுதச் சொல்லித்தான் நான் அவர்களுக்குப் பழக்குகிறேன்.

அன்றே நாக்பூருக்குக் கிளம்பலாமா என்று கேட்டேன்.

"இனி எங்க?" என்றார். அவரைப் புரட்டிப் படுக்கவைக்கவே அப்போது இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அடுத்த வாரம், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபடியே இறந்தார்.