பத்தாதென்று சொன்ன பிறகும்

நார்த்தாமலைப் பக்கம் கல்லுடைத்த வீரய்யா மதராஸ் போய்த் திரும்பி பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, ஊரே அவன் காலைத்தான் பார்த்தது. போகும்போது தூண் மாதிரி வீங்கியிருந்த கால் வற்றிப்போய் எலும்பு தெரிந்தது. ரத்தத்தைக் குழாயில் வெளியே இழுத்து, மிஷினில் அலசி, மறுபடி உடம்புக்குள்ளேயே விட்டார்களாம். பிழைத்துவிட்டான் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

அவன் பெண்டாட்டி மூக்காயி மட்டும் தினமும் அவன் காலை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். கிட்னி இரண்டும் செத்துவிட்டது, தண்ணீரை அளந்து கொடு, உப்பு ஆகாது, இளநீரைக் கண்ணில் காட்டாதே, வீக்கம் கண்டால் ஓடிவா என்று டாக்டர் அவளிடம்தானே சொன்னார்?

சித்திரை வெயில் வேறு. வீரய்யாவின் அக்கா முனியாயி இளநீரும் கையுமாக வந்து நின்றாள்.

"தம்பிக்கு நீர் எறங்கலேங்குறியே, இதைக் குடுத்தா கொடகொடன்னு போயிரும்டி."

"வேணாம் மதினி. டாக்டரு ஆகாதுன்னுட்டாரு."

"புருசனுக்குத் தண்ணி குடுக்காதவளும் ஒரு பொண்டாட்டியா? நெஞ்சுல கல்லையா வச்சிருக்க?"

"கல்லுடைக்கிறவருக்கு வாக்கப்பட்டவ வேற எதை வச்சிருப்பேன்? எடுத்துக்கிட்டு அங்கிட்டுப் போங்க."

"ஏ புள்ள, நாக்கு ஒட்டிக்கிருச்சு. ஒரே ஒரு மடக்கு..." என்று வீரய்யாவும் கெஞ்சினான். ஈரத்துணியால் அவன் உதட்டைத் துடைத்துவிட்டாளே தவிர, அளவுக்கு மேல் ஒரு சொட்டு ஊற்றவில்லை. கிணற்றடியில் பெண்கள் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தட்டுமே! அவள் செய்தது சரிதான். எவர் வந்து கேட்டாலும் சரிதான்.

அப்படிக் காத்தும் முகம் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்த்தி வைத்தபடியே மறுபடி மதராஸுக்கு ரயிலேற்றிக் கொண்டுபோனாள்.

"நான் எதுலயும் தப்புப் பண்ணிட்டேனாங்கய்யா?" என்று டாக்டரிடம் கேட்டாள்.

"இல்லம்மா, நீ ஒழுங்காத்தான் பாத்திருக்க. ஒரு தடவை அலசுனது பத்தாது. கிட்னி செத்தவனுக்கு வாரம் தவறாம, ஆயுசு பூரா அலசணும். அதுக்கு இங்க வசதி இல்ல. சில பேருக்குப் பாம்பு கடிச்சோ, பேதியாகியோ கிட்னி அசந்து கெடக்கும் பாரு, அது திரும்ப முழிச்சுக்கும். அவங்களுக்குன்னு வச்சிருக்கிற மிஷின் இது."

"இன்னிக்கு ஒரு தடவை அலசுங்க."

"பத்தாதும்மா."

"பத்தாத கூழைத்தான் இத்தனை வருசமா நாங்க ரெண்டு பேரும் பங்கிட்டுக் குடிச்சோம். பத்தாதுன்னு சட்டியைக் கவுத்துப்புட்டா படுத்தோம்?"

டாக்டர் மிஷின் அறையை எட்டிப் பார்த்தார். அன்று மிஷின் சும்மா இருந்தது. "இதான் கடைசி" என்று சொல்லித்தான் வீரய்யாவை உள்ளே கொண்டுபோனார்.

மூச்சு சீரானது. இரண்டு நாளில் வார்டைக் காலிசெய்யச் சொன்னார்கள். மூக்காயி ஸ்டேஷன் பக்கம் திரும்பவே இல்லை. ஆஸ்பத்திரி மதிலோரத்து வேப்பமரத்தடியில் பழஞ்சேலையை விரித்து அவனைப் படுக்கவைத்தாள்.

"ஊருக்குப் போகலையா புள்ள?"

"போயி? வீங்குனா திரும்ப வாரதுக்குள்ள நேரமாயிரும். இங்கிட்டே கெடப்போம்."

"இனிமே பண்ண மாட்டோம்னுட்டாங்களே."

"நீங்க சும்மா படுங்க. நான் கேப்பேன்" என்றாள்.