உச்சி வெயில் கணக்கு

வெயில் உச்சிக்கு ஏறும்வரை என் அடுத்த வீட்டு வனத்துறைக்காரர் ஜீப்பிலேயே கால் நீட்டிப் படுத்திருப்பார். பன்னிரண்டு அடித்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு, மிருகங்களைக் கணக்கெடுக்கக் காட்டுக்குள் இறங்குவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வெட்ட அனுமதி கேட்டிருக்கும் காட்டில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று படிவத்தில் எழுதுவது அவர் உத்தியோகம். ‘இல்லை’ என்று எழுதினால் மறுவாரமே ரம்பக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

"இந்த வெயில்ல எந்த மிருகம் சார் வெளிய வரும்? அதுங்களுக்கு இருக்கிற புத்தி எனக்கிருந்தா நானும் வீட்லயே கிடப்பேன்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விவரம் தெரியாத ஆளென்றால் போகட்டும் என்று விடலாம். எச்சத்தைப் பார்த்தே எந்த மிருகம், எப்போது போனது என்று சொல்லிவிடுவார். சேர்ந்த புதிதில் விடியற்காலையில் போய், நாற்பத்தொரு மான், இரண்டு கரடி என்று உள்ளதை உள்ளபடி எழுதினாராம். மூன்று வருடம் பழைய கோப்பறையில் தூசி தட்டப் போட்டுவிட்டார்கள். "அதோட ஞானம் வந்துடுச்சு சார்." பாழாய்ப்போன ஞானம்!

அதற்குப் பிறகு பதினொரு காடுகள். குரங்குகள் எங்கள் மொட்டை மாடிக்குக் குடிவந்துவிட்டன. கிணறு வறண்டது. மழை வந்தால் மலைச்சேற்றையும் வாரிக்கொண்டு வீட்டுக்குள் வந்தது. இரண்டு வருடமாக அதுவும் இல்லை. தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற அவர் மனைவி, தெருவே கேட்கச் சொன்னாள்: "இவரு மான் இல்லன்னு எழுதினாரு, கரடி இல்லன்னு எழுதினாரு. கடைசியில மழையும் இல்லாமப் போச்சு." அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மிச்சம் இருப்பது ஓடைக்கு மேலே ஒரே காடு. அதுவும் போனால் ஓடையும் போய்விடும். போன வாரம் அதைக் கணக்கெடுக்கப் போனவரோடு நானும் ஒட்டிக்கொண்டேன். ஓடைக்கரை ஈர மணலில் பெரிய காலடித் தடம், பக்கத்தில் சின்னச் சின்னதாக நாலைந்து. குந்தி உட்கார்ந்து விரலால் அளந்தார்.

"சிறுத்தை சார். தாயும் குட்டியும். காலையிலதான் தண்ணி குடிக்க வந்திருக்கு."

"எழுதுங்க சார், காடு தப்பிச்சிடும்" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"ரிட்டயராக எட்டு மாசம்தான் இருக்கு. மறுபடியும் அந்த ரூமுக்குப் போக என்னால முடியாது சார்."

"அநியாயம் சார் இது!" என்று கத்தினேன். அவர் எழுந்து, பெரிய தடத்தைப் பூட்ஸ் காலால் தேய்த்தார். சின்னத் தடங்களுக்கு வந்ததும் மறுபடி குந்திக்கொண்டு, உள்ளங்கையால் மெல்லத் தடவித் தடவி அழித்தார்.