ஆளுக்கொரு கம்பெனி

பாக்கியநாதன் மலையடிவாரத்துப் புத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். குடியிருந்தார் என்பது பேச்சுக்குத்தான். லீவு நாள் போக மீதியெல்லாம் பச்சைமலை உச்சியில், ஒயர்லெஸ் நிலையத்தில் ஒண்டியாகக் கிடப்பார். கல்யாணம் ஆகவில்லை. கோபம் மூக்கின் மேல் இருக்கும்.

திருச்சிக்காரர்கள் வெளியூருக்குப் பேசும் டிரங்க் கால்கள் அந்த நிலையத்தின் வழியாகத்தான் போகும். ஊர்ப்பேச்செல்லாம் தலைக்கு மேல் பறக்க, அவரோடு பேச ஒரே ஆள், திருச்சி நிலையத்து அப்துல் மாலிக். இரண்டு நிலையத்துக்கும் நடுவே ஊழியர்களுக்கென்று தனி போன் உண்டு. காலையில் மாலிக் பட்டனை அழுத்துவார், மலையில் மணி அடிக்கும். "இன்னிக்கு என்ன குழம்புங்க?" என்று பேச்சு ஆரம்பிக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

எண்பத்து நாலில் ஒரு நாள், சோறு அடிப்பிடித்துவிட்டது என்று இவர் சொல்லப்போக, "காலாகாலத்துல ஒரு பொண்ணைக் கட்டியிருந்தா இந்தப் பாடு உண்டா?" என்று மாலிக் சீண்டினார். இவர் போனைப் பட்டென்று வைத்துவிட்டார்.

அந்த வாரமே திருச்சியில் பழைய கருவிகளைக் கழற்றி வேறு கம்பெனிக் கருவிகளை மாட்டினார்கள். மலையில் பழைய கம்பெனிக் கருவிகள்தான். அதிகாரிகள் இரண்டு பக்கமும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, "கேக்குதா?" "நல்லா கேக்குது" என்று சோதித்து முடித்தார்கள். போனைக் கையில் பிடித்திருப்பவனுக்கு மணியின் ஞாபகம் எப்படி வரும்?

அதன் பிறகு மலையில் மணி அடிக்கவில்லை. 'பாய்க்கு என்ன ரோஷம்!' என்று பாக்கியநாதன் முறுக்கிக்கொண்டார். முறுக்கு தளர்ந்ததும் தானே பட்டனை அழுத்திப் பார்த்தார். எடுப்பாரில்லை. சமைப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டார். "கேக்க ஆளில்லாதப்ப குழம்பு எதுக்குங்க?" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

மறு வருஷ மழையில் டிரங்க் லைன்கள் சில பழுதாயின. மெக்கானிக் ரங்கசாமி ஜீப்பில் வந்து இறங்கியதும் கத்தினார். "எத்தனை வாட்டி கூப்பிடுறோம், ஏங்க எடுக்கல?"

"மணியே அடிக்கலையே!"

ரங்கசாமி போன் கருவியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அவங்க கருவி மணிக்கு அனுப்புற சத்தம் வேற, உங்க கருவி எதிர்பாக்குற சத்தம் வேற. நீங்க அழுத்தினா அங்கயும் அடிக்காது. பேச்சு மட்டும் ரெண்டுக்கும் ஒத்துப்போகும். அவங்க லைன்ல இருக்கறப்ப நீங்க சும்மா எடுத்திருந்தாலே பேசியிருக்கலாம். இப்பக்கூட அங்க ஆள் லைன்லதான் இருக்காங்க."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். பாக்கியநாதன் பாய்ந்து ரிசீவரை எடுத்தார். மறுமுனையில் பழகாத குரல், அற்புதசாமி என்றது.

"மாலிக் பாயைக் கூப்பிடுங்க."

"பாய் தவறிட்டாருங்க, நோன்புக்கு முன்னாடி. தினம் காலையில உங்களுக்கு பெல் அடிப்பாரு. கொஞ்ச நேரம் காதுல வெச்சிருந்துட்டு, 'மனுஷன் இன்னும் கோவமாத்தான் இருக்காரு'ன்னு வெச்சிடுவாரு."

ரங்கசாமி ஒரு பாகத்தை மாற்றினார். திருச்சியிலிருந்து பட்டனை அழுத்தச் சொன்னார். மலையில் மணி கணீரென்று அடித்தது.

"எடுங்க சார், சரியாயிடுச்சு" என்றார்.

"அடிக்கட்டும்" என்றார் பாக்கியநாதன்.