முப்பத்தெட்டு அடித் தென்னை

எங்கள் சித்திக்குக் கணக்கு வராது என்பது குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அப்படிப்பட்டவள் விமானம் பழுதுபார்க்கும் படிப்பில் ஏன் போய்ச் சேர்ந்தாள் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. அம்மாவின் கடைசித் தங்கை அவள். ஊர் சிங்கப்பெருமாள் கோவில். படிப்புக்காகக் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் தங்கி, தினமும் தோளில் ஒரு பையும் வாயில் பாதி இட்லியுமாக பஸ்ஸுக்கு ஓடுவாள். நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பேனர் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று அவளுடைய ஆசிரியர்களே சொல்வார்களாம். ஆனால் முக்கோணம் வந்துவிட்டால் முகம் வெளிறிவிடும். கணக்குத் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டாள். மூன்றாவது தடவை எழுத இன்னும் ஒரு மாதம் இருந்தபோது தாத்தா போனில் தீர்ப்பு சொல்லிவிட்டார். ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலை இருக்கிறது, இந்த மாதத்தோடு மூட்டையைக் கட்டச் சொல்லு என்று. தாத்தா யார் பேச்சையாவது கேட்பார் என்றால் அது எங்கள் அப்பா பேச்சை மட்டும்தான். அப்பா ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பில் இருந்தார். அவரோ சித்தியைச் சீண்டுவதில் காட்டிய ஆர்வத்தை அவளுக்காகப் பரிந்து பேசுவதில் காட்டவில்லை. சித்தி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். தண்ணீர் வீணாகிறதே என்று நான் கதவைத் தட்டினேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக் கொல்லைத் தென்னை செத்துப்போனது. குருத்தை வண்டு தின்று, மட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்து, வெறும் மொட்டைக் கம்பமாக நின்றது. மழைக்காலத்துக்குள் அதைச் சாய்க்க வேண்டும். மரம் வெட்ட வந்தவர் அடிமரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள உளுத்துப்போயி சோறு மாரி கீது சார். நான் ஏற மாட்டேன். அடியில வெட்டி, கயிறு போட்டு அந்தாண்ட இஸ்துட வேண்டியதுதான்."

அந்தாண்ட என்பது பின்பக்கத்துக் காலி மனை. மனை முடியுமிடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரு ஷெட் இருந்தது. கல்யாணங்களுக்குச் சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் ஓர் அண்ணனுடையது. அண்டா, குண்டான், தேக்சா என்று கூரை வரை அடுக்கி வைத்திருப்பார். மரத்தடியிலிருந்து ஷெட் சுவர் வரை டேப் பிடித்தால் சரியாக நாற்பது அடி.

"மரம் நாப்பதுக்கு மேல கீது. ஷெட்டு மேல வுயுந்துடும். முன்னாடி ரெண்டு ஷீட்ட கயட்டிடு," என்றார் வெட்டுபவர்.

"கயட்னா ஒடஞ்சிடும்யா, பழைய ஷீட்டு. சும்மா கண்ணால பாத்து சொல்லிக்கினு இருக்க," என்று பாத்திரக்காரர் முறைத்தார்.

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சித்தி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மரத்தோட உயரத்த நான் சொல்றேன்."

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீயா? சரி, சொல்லு பாப்போம். இந்தக் கணக்கு மட்டும் சரியா வந்துடுச்சுன்னா, உங்க அப்பாகிட்ட நானே பேசுறேன். போதுமா?"

சித்தி ஈரக் கையோடு உள்ளே ஓடினாள். என் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து கோணமானியை எடுத்தாள். அதன் நேர்விளிம்பில் ஒரு ஜூஸ் ஸ்டிராவை ஒட்டினாள். நடுப்புள்ளியில் நூல் கட்டி, நூல் முனையில் ஒரு நட்டைத் தொங்கவிட்டாள். ஸ்டிரா வழியாக மரத்தின் உச்சியை ஒருவர் பார்க்க வேண்டும், நூல் எந்த எண்ணில் நிற்கிறது என்று இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து படிக்க வேண்டும். பார்க்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. வகுப்பில் யாருக்கும் கிடைக்காத உத்தியோகம் என்பதால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"பின்னாடியே போ. உச்சிய விட்டுடாத. இன்னும் போ..."

நூல் நாற்பத்தைந்தைத் தொடும் இடம்தான் கணக்கு. அந்த இடத்தில் மரத்தின் உயரமும், மரத்துக்கும் பார்ப்பவருக்கும் உள்ள தூரமும் ஒன்றாகிவிடும். தூரத்தை அளந்தால் போதும், உயரம் தெரிந்துவிடும். சித்தி இதைப் புத்தகத்தில் நூறு தடவை படித்திருக்கிறாள். நான் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நெருஞ்சி முள்ளை மிதித்தபடி பின்வாங்கிப் போனேன்.

"இன்னாமா, மரம் வெட்றதா, பட்டம் வுட்றதா?" என்று வெட்டுபவர் அலுத்துக்கொண்டார்.

"நில்லு!" என்று சித்தி கத்தினாள். என் குதிகாலுக்குப் பின்னால் ஷெட் சுவர் இரண்டே அடி தள்ளி இருந்தது. டேப் முப்பத்தெட்டு காட்டியது. ஆக மரம் முப்பத்தெட்டு அடி, ஷெட்டுக்கு இரண்டு அடி முன்னாலேயே படுத்துவிடும். பாத்திரக்காரர் இதைச் சந்தோஷமாக நம்பினார். ஷீட்டைக் கழற்றும் வேலை அவருக்கு மிச்சம். அப்பாவும் தலையாட்டினார். சித்தியின் முகத்தில் இரண்டு நாளைக்குப் பிறகு களை திரும்பியது.

எல்லோரையும் தூரமாக நிற்க வைத்துவிட்டு மரத்தைச் சாய்த்தார்கள். கோடு கிழித்த மாதிரி நேராகத்தான் விழுந்தது. ஆனால் விழுந்த கையோடு கேட்ட சத்தம் தரையின் சத்தமாக இல்லை. ஷீட் படாரென்று பிளந்தது, அதைத் தொடர்ந்து அண்டாக்கள் குண்டான்கள் மேல் உருண்டன, குண்டான்கள் தேக்சாக்கள் மேல் உருண்டன. ஒரு நிமிடம் வரை ஏதோ ஒரு மூடி மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. தெருநாய்கள் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோயின.

பாத்திரக்காரர் நேராக வெட்டுபவர் மேல் பாய்ந்தார். "யோவ், கயிற எப்படிய்யா புட்ச்சிருந்த? கண்ண தொறந்துகினுதான் இஸ்தியா?"

வெட்டுபவர் கையிலிருந்த கயிற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அப்பாவும், "கயிறு கொஞ்சம் வழுக்கிடுச்சு போல," என்று இழுத்தார். அதை அப்படியே விட்டிருந்தால் போதும். கணக்கு சரி, கயிறுதான் தப்பு என்று ஆகியிருக்கும். அப்பா அன்று சாயங்காலமே தாத்தாவிடம் பேசியிருப்பார். ஒன்பது வயதான எனக்கே இது புரிந்தது. சித்தியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையை உதறிவிட்டு முன்னால் போனாள்.

"அண்ணா, அவர திட்டாதீங்க. கயிறு நல்லாதான் இருந்துச்சு. நான் சொன்ன அளவு தப்பு."

சித்தி டேப்பை எடுத்துக்கொண்டு, விழுந்து கிடந்த மரத்தை அடியிலிருந்து நுனி வரை அளந்தாள். நாற்பத்தோரு அடி பத்து அங்குலம். முப்பத்தெட்டைக் கழித்தாள். கொஞ்ச நேரம் அந்த எண்ணையே முணுமுணுத்தாள். பிறகு திடீரென்று என்னைப் பிடித்துச் சுவரோடு நிற்க வைத்து, தரையிலிருந்து என் கண் வரைக்கும் டேப்பை இழுத்தாள். மூன்று அடி பத்து அங்குலம். ஒரு அங்குலம்கூடப் பிசகவில்லை.

புத்தகத்துப் படங்களில் பார்ப்பவன் எப்போதும் தரையில் கிடக்கும் ஒரு புள்ளி. புள்ளிக்கு உயரம் கிடையாது. எனக்கு இருந்தது. என் கண்ணுக்கு மேலே உள்ள மரத்தை மட்டும் அளந்துவிட்டு, என் கண் உயரத்துக்கான மரத்தைச் சித்தி மறந்துபோயிருந்தாள். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கோ மகா கோபம். மரத்தைக் கணக்கில் சேர்த்தாள், ஷெட்டைச் சேர்த்தாள், வெயிலில் முள் மிதித்து நின்ற என்னைச் சேர்க்கவில்லையே!

சாயங்காலம் புது ஷீட் போடச் சித்தியே ஏணியில் ஏறி போல்ட் முடுக்கினாள். வெட்டுபவர் கீழே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவள் இறங்கி வந்து, தப்பு எங்கே நடந்தது என்று படம் போட்ட நோட்டை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சீண்டவே இல்லை. பிறகு போனை எடுத்துத் தாத்தாவைக் கூப்பிட்டார். நான் கதவோரம் ஒட்டிக்கொண்டேன்.

"கணக்கு தப்பாதான் போட்டா, மாமா. ஆனா அவளுக்கு ஒண்ணக்கூட மறைக்கத் தெரியல. தப்பிக்க வழி இருந்தும் வாயத் தொறந்து சொல்லிட்டா. நாளைக்கு ஒரு விமானத்துக்குக் கீழ நிக்கப்போற பொண்ணு..."

அதற்குமேல் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. அடுக்களைக்கு ஓடிவிட்டேன். பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, இப்படியா போட்டுக் கொடுப்பது? இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. அவர் வாங்கி வந்த முறுக்கைக்கூடத் தொடவில்லை. அடுத்த மாதம் சித்தி மூன்றாவது தடவையாகத் தேர்வு எழுதி, அரைகுறை மதிப்பெண்ணில் தேறினாள். இன்று அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சில விமானங்கள் தரையை விட்டு எழும்புகின்றன. அப்பா அவ்வளவு குறை சொல்லியும் அவளைத் தொடர்ந்து படிக்க விட்டாரே, எங்கள் தாத்தாவுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.